அன்னமும் வழித்துணையும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சித்திரா பௌர்ணமியன்று திருமாலிருஞ்சோலை அழகர் வைகையாற்றில் எழுந்தருளும் வைபவத்தை அறியாத அடியார் இரார். மலையடிவாரத்துத் திருக்கோயிலுக்கும் மதுரை மாநகருக்கும் இடையே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவு. கள்ளர் திருக்கோலத்தில் புறப்பட்டு, வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த நாச்சியாரின் மாலையைத் தல்லாகுளத்தில் சாற்றிக்கொண்டு, குதிரை வாகனத்தில் ஆற்றில் இறங்குகிறார். லட்சக்கணக்கான மக்கள் கரையில் நின்று ஸேவிக்கிறார்கள்.

இத்தனை தூரம் எதற்காக எழுந்தருளுகிறார்? தங்கையின் திருமணத்திற்கு என்பது ஊர் வழக்கு. ஸ்தல புராணமோ வேறொரு காரணம் கூறுகிறது. நூபுர கங்கையில் தவத்தில் ஆழ்ந்திருந்த ஸுதபஸ் முனிவர், அங்கே வந்த துர்வாஸரைக் கவனியாதிருந்தார். அதனால் மண்டூகமாகும்படி சாபம் பெற்றார். தவளை வடிவுடன் வைகைக் கரையில் காத்துக் கிடந்த அம்முனிவருக்கு மலையேறிச் சென்று ஸேவிக்கும் சக்தி இல்லை. ஆகவே அழகர் தாமே மலையிறங்கி வந்தார். ஆற்றில் இறங்கிய மறுநாள் தேனூர் மண்டபத்தில் கருடாரூடனாய்க் காட்சி தந்து அவருக்கு விமோசனம் அளித்தருளினார். ஆண்டுதோறும் அதுவே அங்கு நடக்கிறது.

தன்னிடம் வரக்கூடியவர்களுக்காகக் கோயிலில் நிற்கிறான் எம்பெருமான். வரமாட்டாதவர்களுக்காகப் புறப்பட்டு வருகிறான். தலைவன் எழுந்தருளும் வழியில் பின்தொடர்வதன்றோ அடிமையின் இயல்பு? வரமாட்டாதவர்களிடம் நாம் செல்வதும் அவ்வழியில் ஒரு கைங்கர்யமே என்பதை விண்ணப்பம் செய்யவே இக்கட்டுரை.

வரமாட்டாதவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் அறுபது வயது நிறைந்தவர்கள் 10 கோடிக்கும் மேல். பெற்றோரையும் முதியோரையும் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமேனும் வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் முதியோர் இல்லங்கள், மனநலம் குன்றியோர் இல்லங்கள், தெருவில் கிடந்தவர்களை எடுத்து வைத்துக் காக்கும் இல்லங்கள் பல உள்ளன. அழகர் எழுந்தருளும் அதே சாலைகளை ஒட்டி, வாசலுக்கு வந்து அவரை ஸேவிக்கவும் இயலாதவர்கள் கட்டிலில் படுத்திருக்கிறார்கள்.

இந்த மதுரையில் 2002ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியை அன்பர்கள் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். நாராயணன் கிருஷ்ணன் என்ற இளைஞர் பெங்களூரில் ஐந்து நட்சத்திர விடுதி ஒன்றில் சமையற்கலைஞராகப் பணியாற்றிவந்தார். ஸ்விட்ஸர்லாந்தில் மேலும் உயர்ந்த வேலை காத்திருந்தது. புறப்படுமுன் கோயிலுக்குப் போய்வரலாம் என்று பிறந்த ஊருக்கு வந்தவர், வழியில் ஒரு முதியவரைக் கண்டார். பசி தாங்காமல் அம்முதியவர் உண்டுகொண்டிருந்தது, எழுதவும் நாக் கூசுவது. தம் மலத்தையே அவர் உண்டுகொண்டிருந்தார். இளைஞர் அருகிலிருந்த உணவகத்தில் இட்லி வாங்கிவந்து கொடுத்தார். முதியவர் விரைந்து விரைந்து உண்டார். அவர் கண்கள் நிறைந்தன. விருந்தினருக்குச் சமைத்துப் பரிமாறுவதே தொழிலாகக் கொண்டவருக்கு, யாருக்காகச் சமைக்க வேண்டும் என்பது அன்று விளங்கிற்று. வெளிநாட்டு வேலையை விட்டார். 2003ஆம் ஆண்டு அக்ஷயா அறக்கட்டளையைத் தொடங்கினார். 2010ஆம் ஆண்டில் அவரைப் பற்றி உலகெங்கும் செய்தி வெளிவந்தபோது, நாள்தோறும் நானூறு பேருக்கு மேல் மூன்று வேளையும் உணவு சென்றுகொண்டிருந்தது; அதுவரை பரிமாறப்பட்டவை 12 லட்சம் வேளை உணவு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, நன்கொடையாகக் கிடைத்த ஒரு வண்டியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சுற்றி வந்தார்கள்.

இவற்றினும் அடியேன் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. அவர் உணவுப் பாத்திரத்தோடு கத்தரிக்கோலும் சவரக்கத்தியும் சீப்பும் எடுத்துச் சென்றார். அந்தணக் குடியில் பிறந்த அவர் முடி திருத்தக் கற்றுக்கொண்டு, சடை பிடித்த தலைகளைத் தம் கையால் திருத்தி, முகம் மழித்து, நீராட்டினார். பசிக்கு உணவு போதும். ஆனால் பல்லாண்டுகளாக எவரும் தீண்டாத உடலுக்கு ஒரு மனிதக் கையின் தீண்டல் வேண்டியிருந்தது. அதை அவர் கண்டுகொண்டார்.

அக்ஷயம் என்றால் குறையாதது. அப்பெயரைக் கேட்டதும் வனவாஸத்தில் திரௌபதியின் கையிலிருந்த பாத்திரம் நினைவுக்கு வரும். அவள் உண்டு பாத்திரத்தைக் கழுவி வைத்த பிறகு, பரிவாரத்தோடு பசித்து வந்து நின்றவர் அதே துர்வாஸரே. என் செய்வதென்று அவள் கண்ணனை நினைத்தாள். வந்த கண்ணனோ, தனக்குப் பசி என்றான்! பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒரு கீரைத் துணுக்கை வாங்கி அமுது செய்தான். ஆற்றங்கரையில் இருந்த அத்தனை பேருக்கும் வயிறு நிறைந்தது. குறையாமை பாத்திரத்தின் குணமன்று; அவன் அமுது செய்ததன் பயன். அவனுக்கு ஸமர்ப்பித்ததை எடுத்துக்கொண்டு இல்லங்களுக்குச் செல்பவர்கள் இதை மறவாதிருக்க வேண்டும். கொடுப்பவர் நாமல்லோம், அவனுடைய தளிகையைச் சுமந்து செல்லும் கைகள் மட்டுமே நாம்.

அன்னத்துக்கு ஆதாரமாகத் திருமாலிருஞ்சோலையிலேயே ஒரு சரித்திரம் உண்டு. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்கு ஸமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டாள். அவள் நேர்ந்தது பாசுரத்தில் நின்றது. பல நூற்றாண்டுகள் கழிந்து எம்பெருமானார் எழுந்தருளி அதனை நிறைவேற்றினார். பின்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவர் சென்றபோது, நாச்சியார் அவரைத் தமையனாக ஏற்று ‘கோயில் அண்ணர்’ என்று திருநாமம் சாற்றினாள் என்பது நம் ஸம்ப்ரதாயம். ஒருத்தி வாயால் சொன்னதை, அவள் கேளாமலே, தன் கடமையாக எடுத்துக்கொண்டு முடித்தவனே உடன்பிறந்தவன் ஆகிறான். இல்லத்தில் இருப்பவர்களுக்கும் நிறைவேறாத சிறு விருப்பங்கள் உண்டு. ஒருவருக்குப் பழைய வழக்கப்படி ஏகாதசியன்று பலகாரம். ஒருவருக்குத் தாயார் செய்த பக்குவத்தில் ஒரு குழம்பு. அவற்றைக் கேட்டறிந்து செய்பவர் அவர்களுக்கு அண்ணன் ஆகிறார். அறியாமல் ஐந்நூறு பொட்டலம் இறக்கிவிட்டுப் போகிறவர் அண்ணன் ஆவதில்லை.

இவ்விடத்தில் அடியேன் செய்த அபராதம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், வைகாசி மாதத்தில், எங்கள் கோஷ்டியினர் மதுரைக்கு வடக்கே ஓர் இல்லத்துக்குப் புளியோதரையும் ததியோதனமும் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுசென்றோம். முக்கால் மணி நேரத்தில் பரிமாறி முடித்தோம். வரிசையில் கடைசியாக ஒரு மூதாட்டி, இலையைத் தொடவில்லை. அடியேனின் திருமண் காப்பைப் பார்த்துவிட்டு, “சாமி, இந்த வருசம் அழகரு என்ன கலரு பட்டு உடுத்தி ஆத்துல எறங்குனாரு?” என்று கேட்டார்.

மதுரையில் இக்கேள்வியின் கனம் அந்த ஊராருக்குத் தெரியும். அழகர் பச்சைப் பட்டு உடுத்தினால் அவ்வாண்டு மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வேறு நிறமானால் ஊரே கவலைப்படும். அடியேனோ வண்டி காத்திருந்த அவசரத்தில், “பச்சைப் பட்டுத்தானம்மா” என்றேன்.

“நீங்க பாத்தீகளா?”

பார்க்கவில்லை. அவ்வாண்டு திருவிழாவின்போது அடியேன் ஊரிலேயே இல்லை. எவரிடமும் கேட்டறியவும் இல்லை. தலை குனிந்து, “இல்லையம்மா” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. “சரி, சோறு இங்க வேளாவேளைக்குப் போடுறாக. செத்த உக்காந்து பேசிட்டுப் போங்க” என்றார். அதற்குள் வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். படம் எடுப்பதற்காக எல்லாரும் பாத்திரங்களுடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். அடியேனும் போய் நின்றேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அழகரைப் பற்றிக் கேட்ட ஒருவரிடம் பொய் சொன்னேன். உட்காரச் சொன்னவரை விட்டு எழுந்து வந்தேன். எது கைங்கர்யம் என்று நினைத்துச் சென்றேனோ அது உணவை இடம் மாற்றும் வேலையாகவே முடிந்தது. மறுமாதம் எதையும் சமைத்துக்கொண்டு போகவில்லை. தனியாகச் சென்று அவர் கட்டிலருகே அமர்ந்தேன். அவர் பேசினார். எதிர்சேவைக்கு முதல் நாளே தல்லாகுளத்தில் பாய் விரித்து இடம் பிடித்தது, செம்பில் சர்க்கரை நிரப்பிச் சூடமேற்றிக் காட்டியது, ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் பார்த்தது, பூப்பல்லக்கு புறப்படும்போது அழுதது, அனைத்தையும் சொன்னார். ஒன்றரை மணி நேரம் அடியேன் கேட்டுக்கொண்டிருந்தேன். உபந்யாஸம் செய்பவன் என்று பெயர் பெற்ற அடியேனுக்கு அன்று அவரே உபந்யாஸகர். எழுந்தபோது, “இப்ப அழகரப் பாத்துட்டு வந்த மாதிரி இருக்கு சாமி” என்றார். அடியேனுக்கும் அப்படியே இருந்தது.

அவர் கேட்டது பரிவு. பரிவுக்கு ஆதாரமும் மதுரையிலேயே இருக்கிறது. வல்லபதேவ பாண்டியனின் ஸபையில் பரத்வ நிர்ணயம் செய்து பொற்கிழியை அறுத்த பட்டர்பிரானை, மன்னன் யானைமேல் ஏற்றி நகர்வலம் வரச் செய்தான். அப்போது கூடல் நகரின் வானில் பெரிய திருவடிமேல் பிராட்டியோடு எம்பெருமான் காட்சி தந்தான். வேறொருவராயின் அக்கணத்தில் தமக்கு வேண்டியதைக் கேட்டிருப்பர். பெரியாழ்வாரோ தம்மை மறந்தார். காலம் நடையாடும் இந்த நிலத்தில் இத்தகைய ஸௌந்தர்யத்துக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு அவனுக்குப் பல்லாண்டு பாடினார். எல்லாரையும் காப்பவனுக்கே காப்பிட்டார். பொங்கும் பரிவு என்று நம் பூர்வர்கள் கொண்டாடும் நிலை இதுவே. தன் மேன்மை பேசப்படும் ஊர்வலத்தின் நடுவிலும் எதிரே இருப்பவரின் நலத்தை மட்டுமே காணும் கண் அது. இல்லத்து வாசலில் படம் எடுத்துக்கொண்டு நின்ற அடியேனுக்கும் யானைமேல் வீற்றிருந்த ஆழ்வாருக்கும் உள்ள தூரம் இதனால் விளங்கும்.

இங்கே சிலர் ஓர் ஐயம் எழுப்புவர். ‘நமக்கு விதிக்கப்பட்டது பகவத், பாகவத கைங்கர்யம். இல்லங்களில் இருப்பவர் எல்லாரும் பாகவதர்களா? இது லோக ஸேவையே அன்றோ? ஆசாரத்துக்கும் குறை வாராதோ?’ என்பர். இந்த ஐயம் வெறும் சோம்பலில் எழுவதன்று. ஸம்ப்ரதாயத்தில் பற்றுள்ளவர்களுக்கே எழுவது. ஆகவே விடையும் ஸம்ப்ரதாயத்திலிருந்தே வர வேண்டும்.

சேதன அசேதனங்கள் அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது எம்பெருமானார் தரிசனத்தின் உயிர்நிலை. சரீரத்தின் ஓர் அவயவம் நோவுபடும்போது, சரீரிக்குத் தொண்டு செய்வதாகச் சொல்லிக்கொண்டு அந்நோவைக் காணாதிருப்பது எங்ஙனே பொருந்தும்? மேலும், தனக்கு வைஷ்ணவத்வம் உண்டா இல்லையா என்று ஒருவன் அறியும் வழியை நஞ்சீயர் அருளிச்செய்திருக்கிறார். பிறர் படும் துன்பத்தைக் கண்டு நெஞ்சு இரங்கினால் பகவத் ஸம்பந்தம் உண்டென்று கொள்ளலாம். அவனுக்கு இது வேண்டும் என்று நினைத்தால் இல்லையென்று கொள்ளலாம் என்பது அதன் கருத்து. துன்புறுபவர் பாகவதரா என்று அவர் கேட்கச் சொல்லவில்லை. நாம் வைஷ்ணவரா என்றே கேட்கச் சொன்னார்.

ஆசாரத்தைப் பற்றிய ஐயத்துக்குப் பெரிய நம்பிகளின் அனுஷ்டானம் விடை. ஆளவந்தாரின் திருவடிகளை ஆச்ரயித்த மாறனேர் நம்பி, ஆசார்யனின் நோயைப் ப்ரஸாதமாக வேண்டிப் பெற்று அனுபவித்தவர். தாழ்ந்த குலம் என்று உலகத்தார் கருதிய குலத்தில் அவதரித்தவர். அவர் பரமபதித்தபோது பெரிய நம்பிகள் தாமே சரம கைங்கர்யங்களைச் செய்தார். ஊரார் பழித்தனர், எம்பெருமானார் காரணம் கேட்டார். ஜடாயுவுக்கு ஸம்ஸ்காரம் செய்த பெருமாளை விட நான் உயர்ந்தவனோ, ஜடாயுவை விட இவர் தாழ்ந்தவரோ என்ற கருத்துப்பட நம்பிகள் ஸாதித்தார். எம்பெருமானார் திருவுள்ளம் உகந்தார். இதற்குமேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது? நம் அனுஷ்டானங்களை விட வேண்டியதில்லை. திரும்பி வந்து நீராட இரு குடம் நீர் போதும்.

மூன்றாவதாகத் துணை. மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடைக்கு அருகில் உள்ள திவ்யதேசம் திருமோகூர். திருவாய்மொழியில் ஒன்பதாம் பத்தின் முடிவில், சரீரத்தின் முடிவில் பேறு என்று நம்மாழ்வாருக்கு நாள் குறிக்கப்பட்டது. பத்தாம் பத்தின் தொடக்கத்தில் அவர் திருமோகூர்க் காளமேகத்தை வழித்துணையாகப் பற்றினார். பேறு நிச்சயமான பின்பும், போகும் வழியில் கூட வருபவன் ஒருவன் வேண்டும் என்று ஆழ்வாரே கருதினார் என்றால், ஒன்றும் நிச்சயமில்லாமல் கட்டிலில் கிடக்கும் எளியவருக்குத் துணை எவ்வளவு வேண்டும்! இல்லத்தில் வாழ்பவர்களின் அச்சம் மரணத்தைப் பற்றியதன்று. அருகில் எவரும் இல்லாத மரணத்தைப் பற்றியது. அந்திம வேளையில் கையைப் பிடித்துக்கொண்டு காதில் திருநாமம் சொல்ல ஒருவர் இருப்பது, ஆயிரம் பேருக்கு அன்னமிடுவதற்குக் குறைந்ததன்று.

திருமோகூரில் மற்றொரு விசேஷமும் உண்டு. எம்பெருமான் மோஹினியாய் அமுதம் பகிர்ந்தளித்த தலம் அது என்பர். அமுது பரிமாறியவனும் வழித்துணையாய் வருபவனும் அங்கே ஒருவனே. அன்னத்தையும் துணையையும் அவன் பிரிக்கவில்லை, நாமும் பிரிக்கலாகாது.

ஆகவே இக்கைங்கர்யத்தில் இழிய விரும்பும் அன்பர்களுக்குச் சில விண்ணப்பங்கள். தளிகைக்கு முன் இல்லத்தாரிடம் கேளுங்கள்: எத்தனை பேருக்கு நீரிழிவு, எத்தனை பேருக்கு உப்பு ஆகாது, எத்தனை பேருக்குப் பல் இல்லை என்று. குழைந்த ததியோதனம் பலருக்கும் உகந்தது. முறுகிய வடை அப்படியன்று. பிறந்தநாளிலும் புரட்டாசிச் சனிக்கிழமையிலும் பல கோஷ்டிகள் ஒரே வேளையில் உணவு கொண்டுவந்து வீணாகும். எவரும் வாராத நாளைத் தேர்ந்தெடுங்கள். பத்துப் பேராக ஆண்டுக்கு ஒருமுறை போவதினும், ஒருவரே மாதந்தோறும் அதே நாளில் போவது மேல். எதிர்பார்த்திருப்பதற்கு ஒரு நாள் கிடைப்பதே அவர்களுக்குப் பெரும் பேறு. அதனாலேயே, வருவதாகச் சொல்லிவிட்டு வாராதிருக்க வேண்டாம். அவர்கள் முகத்தைப் படமெடுத்துப் பரப்ப வேண்டாம். பரிமாறியபின் ஒருவரருகிலேனும் அரைமணி நேரம் அமருங்கள். வெளியார் அடிக்கடி வந்து அமர்ந்து பேசும் இல்லத்தில் நிர்வாகத்தில் குறை நேர்ந்தாலும் விரைவில் கண்ணில் படும். அதுவும் அவர்களுக்கு ஒரு காப்பு.

கடல் கடந்து வாழும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தேவரீர்கள் அனுப்பும் திரவியத்தால் இங்கே பல அடுப்புகள் எரிகின்றன. அது எம்பெருமான் திருவுள்ளத்துக்கு உகந்ததே. ஆயினும் துணையைப் பணமாக அனுப்ப இயலாது. தேவரீர்கள் வாழும் ஊரிலும் முதியோர் இல்லம் ஒன்று இருக்கும். அங்கே மொழி புரியாமல் மௌனமாய் இருக்கும் நம் நாட்டவர் ஒருவரும் இருக்கக்கூடும். மதுரையிலோ மாம்பலத்திலோ தனியே இருக்கும் தாய் தந்தையர் இன்று தொலைபேசியில் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், அவசரமாக முடித்துவிடாமல் கேளுங்கள். அவர்கள் கேட்பது அழகர் உடுத்திய பட்டின் நிறமாகவே இருக்கலாம். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, அவர்களையே சொல்லச் சொல்லுங்கள்.

அடியேன் அந்த மூதாட்டியிடம் இப்போதும் செல்கிறேன். இவ்வாண்டு ஆற்றங்கரையில் நின்று கண்ணாரப் பார்த்துவிட்டே சென்றேன். நிறத்தைச் சொல்லுமுன் அவர் கையமர்த்தி, “இருங்க சாமி, மொதல்ல உக்காருங்க” என்றார்.

வரமாட்டாத மண்டூகத்திடம் தானே வந்த அழகனும், கூடலில் பல்லாண்டு கேட்டருளியவனும், திருமோகூரில் வழித்துணையாய் நிற்பவனும் நம் கைகளுக்கும் கால்களுக்கும் இந்தக் கைங்கர்யத்தைத் தந்தருள வேண்டுமென்று ப்ரார்த்திக்கிறேன்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.